பீச் வண்டி

“எங்கே இருக்கீங்க?”

“ஆபீஸ்லதான். ஆடிட் வேலை, லேட்டாகும்” என்றான் பிரசன்னா.

ஜாஸ்மின் போனை வைத்தாள். அவன் ஐந்து மணிக்கே கிளம்பிவிட்டதாக ஆபீஸ் நண்பர் ரவி இப்போதுதான் சொன்னார். குடியை விட்டதிலிருந்து நேரத்துக்கு வந்துகொண்டிருந்தவன், இந்த வாரம் முழுக்க லேட். மறுபடியும் ஆரம்பித்துவிட்டானா?

தாம்பரம் ஸ்டேஷனுக்கே போய்க் காத்திருந்தாள். பீச் ஸ்டேஷனிலிருந்து வந்த ரயிலில் எல்லோரும் இறங்கினார்கள். ஜன்னலோரம் பிரசன்னா மட்டும் எழுந்திருக்கவில்லை.

ஏறிப்போய் அவன் எதிரில் நின்றாள்.

“எழுந்திருக்கக்கூட முடியலையா? வாயை ஊதுங்க.”

ஊதினான். வேர்க்கடலை வாசனைதான் வந்தது.

“இறங்கினா கால் நேரா கடைக்குத்தான் போகுது, ஜாஸ்மின். அந்த ஆசை அடங்குற வரைக்கும் பீச்சுக்கும் தாம்பரத்துக்குமா வண்டியிலேயே போய்ட்டு வர்றேன்.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே?”

“இன்னும் ஆசை விடலைன்னு தெரிஞ்சா நீ பயந்துடுவ.”

வண்டி மறுபடியும் பீச்சுக்குக் கிளம்பியது. ஜாஸ்மின் இறங்கவில்லை. அவன் பக்கத்தில் உட்கார்ந்து மகளுக்குப் போன் செய்தாள்.

“ரெபேக்கா, நீ தோசை ஊத்திச் சாப்பிடும்மா. அப்பாவும் நானும் வர லேட்டாகும்.”