அடுப்படிச் சுவர்

"விரிசலைப் பசை போட்டு அடைச்சு, மேல கார்பன் ஃபைபர் துணியை ஒட்டிட்டா சுவர் அசையாது. ஆனா அந்தப் பக்கமும் ஒட்டணும்," என்றார் இன்ஜினியர்.

"அது என் தம்பி வீடு. பாகம் பிரிச்சப்ப எழுப்பின சுவர். அதுலேர்ந்து ரெண்டு வீட்டுக்கும் பேச்சே கிடையாது. நீங்களே போய்க் கேளுங்க," என்றார் அண்ணன்.

அவர் மனைவி மட்டும், "விரிசல் அது பாட்டுக்கு இருக்கட்டுமே," என்று முணுமுணுத்தார்.

பக்கத்து வீட்டில் தம்பி உடனே தலையாட்டினார். அவர் மனைவியோ, "இப்ப என்ன அவசரம்?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

சுவர் சரிந்தால் முதலில் அடிபடப்போவது அடுப்படியில் நிற்கும் இந்த இருவரும்தானே! ஒன்றும் விளங்காமல் இன்ஜினியர் அண்ணன் வீட்டு அடுப்படிக்குத் திரும்பி, தனியாக விரிசலை அளந்தார்.

விரிசலுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அக்கா, அந்த இன்ஜினியர் போயாச்சா? காலையில பாதியில விட்டீங்களே, நம்ம நாத்தனார் அப்புறம் என்னதான் சொன்னாளாம்?"