இன்ஸ்பெக்டரம்மாவும் ஒரு மூக்கும்

“ஐயையோ! கழுத்தை அறுத்துட்டீங்களா?”

நாற்காலியில் சாய்ந்திருந்த வாடிக்கையாளர் அலறிக்கொண்டு எழுந்தார். அவர் மேல் போர்த்தியிருந்த வெள்ளைத் துணியில் சொட்டுச் சொட்டாக ரத்தம்.

“அது உங்க ரத்தம் இல்ல சார், என்னோடது.” சலூன்காரர் சவரக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டார். “உங்க கழுத்து பத்திரமா இருக்கு. தொட்டுப் பாருங்க.”

தொட்டுப் பார்த்தும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு கன்னம் மழமழ, மறு கன்னம் சோப்பு நுரை. அப்படியே தெருவில் இறங்கி நடந்துவிட்டார்.

பக்கத்துக் கடையில் ஓடிக்கொண்டிருந்த தையல் மிஷின் நின்றது. சலூன்காரர் அவசர அவசரமாக மூக்கைத் துடைத்துக்கொண்டார். அந்த மிஷினை மிதிப்பவள் அவர் மனைவி. மனதுக்குள் அவளுக்கு அவர் வைத்திருந்த பெயர் இன்ஸ்பெக்டரம்மா.

“மறுபடியுமா?” கழுத்தில் இஞ்ச் டேப் தொங்க அவள் வாசலில் வந்து நின்றாள். “முதல்ல தலையை அண்ணாந்துக்கங்க!”

“சூடுதான். தானா சரியாப் போயிடும்.”

“போன மாசமும் இதையேதான் சொன்னீங்க. தலகாணி உறையைத் துவைச்சுத் துவைச்சு என் கை தேஞ்சுபோச்சு.”

அவளும் சும்மா இருக்கவில்லை. அவருடைய மூக்குப்பொடி டப்பாவைப் பிடுங்கி எறிந்தாள். ஏசிக் காற்று மூக்கை உலர்த்திவிடும் என்று யாரோ சொல்ல, சலூன் ஏசியை நிறுத்தினாள். முடி வெட்ட வந்தவர்கள் குளித்தவர்கள்போல் திரும்பிப் போனார்கள். மூக்கு நோண்டுகிறாரோ என்று சந்தேகம் வந்ததும், அவர் தூங்கும்போதே நகங்களை ஒட்ட வெட்டிவிட்டாள். படுக்கப் போகுமுன் மூக்கினுள் வாஸ்லைன் வேறு. தெருவே அவள் பேச்சுக்கு அடங்கும். இந்த ரத்தம் மட்டும் அடங்கவில்லை.

“இன்னைக்கு டாக்டரைப் பார்த்தே ஆகணும். கடையைச் சாத்துங்க.”

“ஆள் வருவாங்களே...”

“யாரு, உங்ககிட்ட கழுத்தை நீட்டவா? கிளம்புங்கன்னா கிளம்புங்க.”

ஆட்டோவில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு மூக்கைவிட மனசுதான் அதிகம் அடித்துக்கொண்டது. காரணம் இருந்தது.

போன வருஷம் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. ரத்தம் உறையாமல் இருக்க ஆயுசுக்கும் தினம் ஒரு மாத்திரை என்று இதய டாக்டர் எழுதிக் கொடுத்தார். சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் அவர் மீசையை முறுக்கினார். “மாத்திரை தின்னு வாழுற பொழப்பு எனக்கு வேண்டாம். என் உடம்பு எனக்குத் தெரியும்.” மனைவி அழுதாள், சண்டை போட்டாள், பேசாமலும் இருந்து பார்த்தாள். மனிதர் அசையவில்லை.

அப்புறம் எதிர்க்கடை சைக்கிள் மெக்கானிக், இவரைவிடச் சின்னவர், பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். எழுந்திருக்கவில்லை. மறுநாளே சலூன்காரர் வேறு பேட்டையில் இருந்த மருந்துக் கடைக்குப் போய் மாத்திரை வாங்கி, பவுடர் டப்பாவுக்குள் ஒளித்துவைத்தார். ஒரு நாள்கூடத் தவறாமல் விழுங்கினார். மனைவியிடம் மட்டும் சொல்லவில்லை. சொன்னால் மீசை என்னாவது?

காது மூக்கு தொண்டை டாக்டரம்மா அவரைப் பார்த்ததுமே, “முதல்ல அண்ணாந்து பார்க்கிறதை நிறுத்துங்க,” என்றார். “ரத்தம் தொண்டைக்குள்ள போயிடும். முன்னால குனிஞ்சு உட்காருங்க. மூக்கு எலும்புக்குக் கீழ மெத்துனு இருக்கிற இடத்தை இறுக்கிப் பிடிங்க. விடாதீங்க. வாயால மூச்சு விடுங்க.”

கொஞ்ச நேரத்தில் ரத்தம் நின்றது. டாக்டரம்மா விளக்கு அடித்து மூக்கினுள் பார்த்தார். பிரஷர் பார்த்தார். இரண்டிலும் குறையில்லை.

“வேற ஏதாவது உடம்புக்கு வந்ததுண்டா?”

“போன வருஷம் நெஞ்சு வலி வந்துச்சு டாக்டர்,” என்றாள் மனைவி.

“அதுக்கு மருந்து சாப்பிடறாரா?”

“மருந்தெல்லாம் நமக்கு ஒத்துவராது,” என்று முந்திக்கொண்டார் சலூன்காரர்.

மனைவி புடவை மடிப்பை நீவிக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் அவர் முகம் மாறியது. “ஐயா, உங்க ரத்தம் உறைய மாட்டேன்னு அடம்பிடிக்குது. மூக்குல வந்ததால தெரிஞ்சுது. இதே மூளைக்குள்ள கசிஞ்சிருந்தா? உண்மையைச் சொல்லுங்க. ரத்தம் உறையாம இருக்க ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?”

இனி மறைத்துப் பயனில்லை. மீசை போனால் போகட்டும் என்று சலூன்காரர் முடிவு செய்தார்.

“சாப்பிடறேன் டாக்டர். மாட்டேன்னு இவகிட்ட வீறாப்பா பேசிட்டேன். அப்புறம் பயம் வந்துடுச்சு. திருட்டுத்தனமா தினமும் போட்டுக்கிட்டிருக்கேன்.”

கண்ணை மூடிக்கொண்டு திட்டுக்குக் காத்திருந்தார். திட்டு வரவில்லை. கண்ணைத் திறந்தால், மனைவி முகம் வெளுத்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எப்பலேர்ந்து?” குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

“மெக்கானிக் போனதுலேர்ந்து.”

டாக்டரம்மா இதய டாக்டரின் பழைய சீட்டை அவளிடமிருந்து வாங்கிப் பார்த்தார். “மாத்திரை சாப்பிட்டது சரிதான். ஆனா இந்த அளவு மாத்திரை ஒண்ணு போட்டா இப்படி ஆகாதே. ரெண்டு ரெண்டா போடறீங்களா?”

“சத்தியமா ஒண்ணுதான் டாக்டர்!”

“அப்போ எங்கேயோ உதைக்குதே.”

இன்ஸ்பெக்டரம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். அவளுக்கு வார்த்தை திக்கித் திக்கித்தான் வந்தது.

“அவர் சொல்றது நிஜம் டாக்டர்... இன்னொண்ணை நான்தான் போன வருஷத்துலேர்ந்து தினமும் பொடிச்சு, அவருக்குத் தெரியாம பால்ல கலந்து குடுத்துக்கிட்டிருக்கேன்.”