அவள் "அப்புறம்?" கேட்காத நாள்

பூட்டிய அறைக்குள்ளிருந்து யாரோ இருமினார்கள்.

அந்த வரியோடு எழுத்தாளர் வாசிப்பதை நிறுத்தினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். இனி மனைவி கேட்க வேண்டியதுதான் பாக்கி.

மனைவி தலையணை உறையைத் திருப்பிப் போட்டு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

கல்யாணமான நாளிலிருந்து இதுதான் வழக்கம். எந்த மர்மக் கதையை எழுதினாலும் அவளுக்கு வாசித்துக் காட்டுவார், கடைசிப் பக்கத்துக்கு முன்னால் சட்டென்று நிறுத்துவார். "அப்புறம்?" என்று அவள் துடித்தால் கதை தேறிவிட்டது. அவள் கெஞ்சுவாள், கோபித்துக்கொள்வாள். பத்திரிகையில் வரும்போது படித்துக்கொள் என்று மீசைக்குள் சிரித்துக்கொண்டே நழுவிவிடுவார்.

ஒருமுறை அவர் நிறுத்திய இடத்தில் அவள் இஸ்திரிப் பெட்டியை எடுக்க மறந்து, அவருடைய நல்ல சட்டை கருகிப்போனது. வேறு யாராவது என்றால் வீடு இரண்டாகியிருக்கும். இவர் அந்தச் சட்டையை விருது மாதிரி அலமாரியில் மாட்டி வைத்தார்.

இன்று இஸ்திரிப் பெட்டி நிற்கவே இல்லை.

எழுத்தாளர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். முந்தைய இரண்டு கதைகளும் விறுவிறுப்பு போதாது என்று போன வேகத்தில் திரும்பி வந்திருந்தன. இதுவும் வந்தால் அவர் கடையைக் கட்ட வேண்டியதுதான்.

குரலைத் தாழ்த்தி அதே வரியை மறுபடி வாசித்தார். "யாரோ" என்று இழுத்தார். ஜன்னல் பக்கம் திரும்பினார். எச்சில் விழுங்கினார். "இருமினார்கள்" என்று முடித்து, போதாக்குறைக்குத் தானே ஒருதரம் இருமியும் காட்டினார்.

"தொண்டை கட்டியிருக்கு போல. வெந்நீர் குடிங்க" என்றாள் மனைவி.

அவ்வளவுதான். இத்தனை வருஷம் கட்டிக்காத்த வைராக்கியம் பொலபொலவென்று உதிர்ந்தது.

"தையல்காரன்டி! சாவி அவன்கிட்டதான் இருந்துச்சு. அளவெடுக்க வந்தவன் போகவே இல்ல. கட்டிலுக்கு அடியிலேயே இருக்கான்!"

"ஓ" என்றாள் மனைவி. மடித்த துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எழுத்தாளர் இடிந்துபோய் உட்கார்ந்தார். பேசாமல் சமையல் குறிப்பு எழுதப் போகலாமா என்றுகூட ஒரு யோசனை வந்தது.

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து மனைவியின் குரல் கேட்டது. போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீ சொன்ன வழி பலிச்சிடுச்சு! கேட்டாத்தானே பிகு பண்ணுவாரு, அதனால வாயே திறக்கல. மனுஷன் தாங்க முடியாம தானா கொட்டிட்டாரு. தையல்காரன்தானாம்! ஐயோ, கேக்காம இருக்கறதுக்குள்ள எனக்கு உசிரே போயிடுச்சு."

எழுத்தாளருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மனசு குளிர்ந்து போய்விட்டது. அவள் உயிர் போனது அவருடைய கதையால் அல்லவா!

பூனை மாதிரி நடந்து மேசைக்குப் போனார். கடைசிப் பக்கத்தைச் சத்தம் வராமல் கிழித்தார். புதுக் காகிதம் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அன்று மாலைக்குள் தையல்காரர் நிரபராதி ஆகிவிட்டார்.

மனைவியிடமும் அவள் அக்காவிடமும் அதை யாரும் சொல்லவில்லை.