சித்தப்பா மகன்

மெர்சிங் படகுத்துறையில் பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு, கைப்பேசியில் பாதி எழுதியிருந்ததை முடிக்கலாம் என்று மனோகரன் உட்கார்ந்தபோது பக்கத்து வீட்டுக் கமலநாதன் அழைத்தார்.

மனைவி தேன்மொழி திரையை எட்டிப் பார்த்தாள்.

"பார்த்துப் பேசுங்க."

அவள் பயம் நியாயமானது. உலு திராமில் அவர்கள் வசிக்கும் தாமான் குடியிருப்பில் யாரும் வீட்டை வெளியாட்களுக்கு நாள் வாடகைக்கு விடக்கூடாது. குடியிருப்பாளர் சங்கத்தின் தீர்மானம் அது. கொண்டுவந்தவர் தலைவர் கமலநாதன். ஆதரித்துக் கை தூக்கியவர்களில் மனோகரனும் உண்டு.

அது போன வருடம்.

இந்த வருடம் மனோகரனும் மனைவியும் மகளும் ஐந்து நாள் தியோமான் தீவில் இருந்தார்கள். அந்த ஐந்து நாளும் அவர்கள் வீட்டில் லோகேஸ்வரன் என்பவன் இருந்தான். வீட்டு வாடகைச் செயலி வழியாக வந்தவன். பாசிர் கூடாங்கில் ஏதோ ஆலையில் பராமரிப்பு வேலையாம். யாராவது கேட்டால் மனோகரனின் சித்தப்பா மகன் என்று சொல்லச் சொல்லியிருந்தார்கள். சொல்லியிருக்கிறான்.

"உன் சித்தப்பா மகன் நேத்தே கெளம்பிட்டாரே மனோ" என்றார் கமலநாதன். "தங்கமான பையன் லா. கையில கட்டோட எங்க வீட்டு கேஸ் சிலிண்டர் தோங்க தூக்கி உள்ள வெச்சாரு. வேலையில அடிபட்டுச்சாம். நீயும் பன்னெண்டு வருஷமா பக்கத்துல இருக்க, ஒரு நாளாச்சும் தூக்குனியா?"

மனோகரனுக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. சிரித்தான்.

"எனக்கு இடுப்பு வலிண்ணே."

"கல்யாணம் ஆகலையாமே அவருக்கு?"

சிரிப்பு பாதியில் நின்றது.

கமலநாதனுக்கு ஒரே மகள், லோஷினி. தமிழ்ப்பள்ளி ஆசிரியை. மூன்று வருடமாக வரன் தேடுகிறார்கள். மனோகரனின் மகளுக்கு மாலையில் கணக்குச் சொல்லித் தருபவளும் அவள்தான். சற்றுத் தள்ளி, குழாயடியில், அவளுக்குக் கொடுக்க வேண்டிய கிளிஞ்சல்களைச் சிறுமி ஒவ்வொன்றாகக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"லோஷினிக்கும் புடிச்சிருக்கு போல. நம்பர் வாங்கி வெச்சிருக்கா. வெளியாளுன்னா நான் பத்து எடத்துல விசாரிப்பேன். உங்க ரத்தம். நீ ஒரு வார்த்த சொன்னா மேல பேசிருவேன்."

அவன் யாரென்றே தெரியாது என்று சொல்லலாம். சொன்னால் அடுத்த கேள்வி, பிறகு உன் வீட்டில் எப்படி இருந்தான் என்பதாக இருக்கும். டிசம்பர் வரை அவர்கள் வெளியூர் போகும் எல்லா விடுமுறைக்கும் வீட்டுக்கு ஆட்கள் பதிவு செய்திருந்தார்கள்.

"குடி கிடி?" என்றார் கமலநாதன்.

"சேச்சே."

"கோபம்?"

மனோகரன் தேன்மொழியைப் பார்த்தான். அவள் கடலைப் பார்த்தாள்.

"ஈ எறும்புக்குக்கூடக் கெடுதல் நெனைக்க மாட்டான்ணே. சின்னப் புள்ளயிலருந்து பாக்குறேன்."

கடைசி வாக்கியத்தை யாரும் கேட்கவில்லை. அதுவாகவே வந்தது. கேட்க நன்றாகவும் இருந்தது.

"இது போதும்ப்பா எனக்கு" என்றார் கமலநாதன். "நல்லது நடந்தா மொத பத்திரிக்கை உனக்குத்தான்."

வைத்துவிட்டார்.

மகள் ஈரக் கையோடு ஓடிவந்து இரண்டு கிளிஞ்சல்களை நீட்டினாள். லோஷினி அக்காவுக்கு எது பிடிக்கும் என்று கேட்டாள். மனோகரன் பெரியதைக் காட்டினான்.

பிறகு கைப்பேசியைத் திறந்தான். காலையில் வீட்டைச் சுத்தம் செய்யப் போன அங்கம்மா அனுப்பிய படத்தை இன்னொரு முறை பெரிதாக்கிப் பார்த்தான். படுக்கையறைக் கதவில் ஒரு முஷ்டி நுழையும் அளவுக்கு ஓட்டை. பிளந்த பலகையின் ஓரத்தில் காய்ந்த ரத்தம். கீழே காலி பீர் போத்தல்கள்.

"கதவு மாத்தணும்" என்றாள் தேன்மொழி, கடலைப் பார்த்தபடியே.

இந்த விருந்தினரை மற்ற வீட்டுக்காரர்களுக்குப் பரிந்துரைப்பீர்களா என்று செயலி கேட்டிருந்தது. அழைப்பு வந்தபோது அவன் பதிலின் பாதியில் இருந்தான். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். குடிக்கிறார். கோபம் வந்தால் கை நீட்டுகிறார். தயவுசெய்து யாரும் வீட்டுக்குள் விட வேண்டாம்.

ஒரே ஒரு நட்சத்திரம் போட்டு அனுப்பினான்.

முன்பின் தெரியாதவர்கள் ஏமாந்துவிடக் கூடாது.