மூன்று கால் குதிரை

சோப்புத்தூள் கம்பெனி முதலாளி வக்கீலின் மேசைமேல் இரண்டு டப்பாக்களை டொக்கென்று வைத்தார்.

"பாருங்க சார்! பத்து வருஷமா நான் பாடுபட்டு வளர்த்த டிரேட் மார்க். என் குதிரையை அப்படியே சுட்டுட்டான். அவன் கம்பெனியை இழுத்துப் பூட்டணும்!"

வக்கீல் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "என்னங்க, ரெண்டு குதிரைக்கும் மூணு கால்தான் இருக்கு?"

"அதான் சார்! தப்பைக்கூட விடாம காப்பியடிச்சிருக்கான், வெட்கங்கெட்டவன்."

"பலே! இது ஒண்ணு போதும், ஆள் வசமா மாட்டிக்கிட்டான். ஆமா, உங்க குதிரைக்கு நாலாவது கால் எங்கே போச்சு? ஜட்ஜ் கேட்பாரே."

முதலாளி குஷியாகச் சொன்னார்:

"வேற ஒரு கம்பெனி டப்பாவைப் பார்த்துத்தான் சார் வரைஞ்சோம். அந்தக் கால்மேல கடைக்காரன் விலைச் சீட்டை ஒட்டியிருந்தான்!"