நாலு வாரம் தனியாக

பெரிய மீன் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தொட்டியை வைத்து, கடையிலிருந்து வாங்கி வந்த மோலி மீனை, வியாதி ஏதும் இருந்தால் மற்ற மீன்களுக்குப் பரவக் கூடாதென்று, நாலு வாரத்துக்கு அதில் விட்டார்கள். உள்ளே மண்ணும் இல்லை, செடியும் இல்லை. ஒளிந்துகொள்ள ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டு மட்டும் கிடந்தது.

பெரிய தொட்டியிலிருந்த ஏஞ்சல் மீன் கண்ணாடியருகே வந்தது.

"உனக்கு என்ன வியாதி?"

"ஒண்ணுமில்லைங்க."

"ஒண்ணுமில்லாமலா தனியா வச்சிருக்காங்க? நாலு வாரம் ஆகட்டும், தெரிஞ்சிடும். அதுவரைக்கும் கண்ணாடிகிட்டகூட வராதே."

மோலி குழாய்க்குள் போய்விட்டது.

வீட்டுக்காரர் சின்னத் தொட்டிக்கென்று தனி வலை, தனி வாளி வைத்திருந்தார். தண்ணீரைத் தவறாமல் மாற்றினார். கடையின் மீன் தொட்டியிலிருந்து எடுத்து, பெரிய தொட்டிக்கென்று வாங்கி வந்த புதுச் செடியை மட்டும், செடிதானே என்று அலசாமல் அப்படியே போட்டுவிட்டார்.

மூன்றாவது வாரம், உப்பைத் தூவியதுபோல ஏஞ்சலின் துடுப்புகளில் வெள்ளைப் புள்ளிகள் வந்தன. கூட இருந்த மீன்கள் எல்லாம் ஒரு மூலைக்கு ஒதுங்கின. ஏஞ்சல் மெதுவாகக் கண்ணாடியருகே வந்தது.

"தம்பி, உன் தொட்டியில எனக்குக் கொஞ்சம் இடம் இருக்குமா?"

மோலி குழாயிலிருந்து தலையை மட்டும் நீட்டியது.

"இடம் இருக்குங்க. நாலு வாரம் ஆகட்டும், பார்க்கலாம்."