முன்பக்க யன்னல்

"அந்தக் கலியாணத்துக்கு நாங்கள் போறேல்லை" என்றார் தவராசா.

ஜெயகௌரி தலை நிமிரவில்லை. மேசை விளக்கின் கீழ், பக்கத்து வீட்டு மாதங்கியின் கூறைச் சேலை பிளவுசுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். வெளியே காலை பதினொரு மணி; நல்ல வெயில்.

"சனிக்கிழமை கலியாணம். இப்ப வந்து சொல்லுறியள்."

"இப்பதானே தெரிஞ்சுது, எங்களைப் பற்றிக் கவுன்சிலுக்கு அள்ளி வைச்சது ஆரெண்டு. உந்தப் பிள்ளையின்ர தேப்பன்தான். அருள்நேசன்."

நகரசபைக் கவுன்சிலில் இருந்து வந்த பெண் அப்போதுதான் போயிருந்தாள். மனோர் பார்க்கில் அவர்களுடைய தெரு, பழைமை மாறாமல் வைத்திருக்க வேண்டிய தெரு. முன்பக்க யன்னலை மாற்றுவதென்றால் அனுமதி எடுக்க வேண்டும். தவராசா எடுக்கவில்லை.

சித்திரையில் மர யன்னல்களைக் கழற்றி எறிந்துவிட்டுப் பிளாஸ்டிக் யன்னல்கள் போட்டார். தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள் என்று, குளியலறைக்குப் போடும் மங்கல் கண்ணாடி. றோட்டுத் தெரியவில்லை என்று ஜெயகௌரி சொன்னபோது, "றோட்டில என்ன படமே ஓடுது?" என்று சிரித்தார். மேலறை யன்னல் சரியாக மூடவில்லை. அதற்கு உள்ளிருந்து ஒரு திருகாணியை இறுக்கினார்.

வந்த பெண் தன்மையாகவே பேசினாள். பழையபடி மரத்தில் செய்ய வேண்டும். அதற்கும் விண்ணப்பிக்க வேண்டும். கண்ணாடி தெளிவாக இருக்க வேண்டும். முறைப்பாடு செய்தவரின் பெயரைச் சொல்ல முடியாது. எழும்பும்போது, மேலறை யன்னலைத் திருகாணி போட்டு இறுக்கியிருக்கிறதாமே, அதையும் பார்க்கலாமா என்று கேட்டாள்.

"திருகாணி வரைக்கும் தெரிஞ்சிருக்கு அவனுக்கு" என்றார் தவராசா. "எவ்வளவு நாளா நோட்டம் விட்டிருப்பான்!"

"அருள்நேசண்ணை ஏன் சொல்லப்போறார்?"

"யன்னல் போட்ட அண்டைக்கு மதிலில சாஞ்சுகொண்டு, 'அண்ணை, பேர்மிஷன் எடுத்தனீங்களோ?' எண்டு கேட்டவன். அவனுக்கு ஏன் அந்தக் கேள்வி?"

"அக்கறையில கேட்டிருப்பார்."

"அக்கறை! கோயில் தேருக்கெண்டு எங்கட வீட்டை வந்த சனத்தின்ர கார் தன்ர வாசலை மறைச்சதெண்டு என்னோட மூண்டு மாசம் கதைக்காமல் திரிஞ்சவன். உமக்கு எல்லாரும் நல்லவை." மூச்சு விட்டார். "ஜெர்மனியில நான் எத்தினை வீடு மாறியிருப்பன்? யன்னலைப் பற்றி ஒருத்தன் வாய் திறந்தவனே?"

"அங்க இருந்ததெல்லாம் வாடகை வீடு."

அதை அவர் கேட்காத மாதிரி நடந்தார். "வெள்ளைக்காரனெண்டால் பெல்லை அடிச்சு நேர சொல்லுவான். இது எங்கட ஆக்களின்ர வேலை."

"எங்கட ஆக்கள்தான்" என்றாள் ஜெயகௌரி.

"பாத்தீரே! உமக்கும் விளங்குது." அவர் கைபேசியை எடுத்தார்.

"ஆருக்கு அடிக்கிறியள்?"

"கவுன்சிலுக்குத்தான். அவன்ர பின்வளவில ஒரு அறை கட்டி வைச்சிருக்கிறானே, அதுக்குப் பேர்மிஷன் இருக்கோ எண்டு நானும் கேக்கப்போறன்."

ஊசி நின்றது. பாரிசிலிருந்து வரும் மாப்பிள்ளை வீட்டார் அந்த அறையில்தான் தங்கப்போகிறார்கள்.

"இஞ்சருங்கோ, அவை நாளைக்கு வந்து இறங்குகினம். சம்பந்தி ஆக்களுக்கு முன்னால கவுன்சில்காரர் வந்து நிண்டால் அந்தப் பிள்ளையின்ர நிலமை என்ன?"

"என்ர வாசலிலயும்தான் வந்து நிண்டவை."

"அவள் என்ன பாவம் செய்தவள்?"

"அதைத் தேப்பன் யோசிச்சிருக்க வேணும்."

ஸ்பீக்கரில் பாட்டுப் போனது. வரிசையில் காத்திருக்கும்படி ஒரு குரல் சொன்னது. தவராசா கைபேசியை மேசையில் பிளவுசுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கதிரையில் அமர்ந்தார்.

"விட்டுவிடுங்கோ" என்றாள் ஜெயகௌரி. "யன்னலை மாத்தச் சொல்லிப்போட்டினம், மாத்துவம். அதோட முடியட்டும்."

"மாத்துறதுக்கு நான் பின்னடிச்சனானே? அந்தப் பொம்பிளை நல்ல மாதிரிச் சொன்னா, நானும் ஓமெண்டு போட்டன். நல்ல மாதிரிச் சொன்னால் ஆர் சொன்னாலும் நான் கேக்கிறவன். உமக்குத் தெரியும்தானே?"

ஜெயகௌரி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

பாட்டு நின்று, அடுத்தது நீங்கள்தான் என்று குரல் சொன்னது. பிறகு மறுபடியும் பாட்டு.

"வையுங்கோ அந்தப் போனை."

"ஏலாது."

"எனக்காக வையுங்கோ."

"உமக்கு ஏன் இவ்வளவு பதைப்பு? எனக்கு யன்னல் போறது கவலையில்லை, கௌரி." அவருடைய குரல் உண்மையாகவே தளர்ந்திருந்தது. "தினமும் முகத்துக்கு முகம் பாக்கிற ஆள். எங்கட வீட்டில சாப்பிட்ட ஆள். பிழையெண்டால், ஊர் முழுக்க அறிய விடாமல், முதல் என்னட்ட ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்தானே?"

பாட்டு நின்றது. ஒரு பெண் காலை வணக்கம் சொல்லி, என்ன உதவி வேண்டும் என்று கேட்டாள்.

ஜெயகௌரி எட்டிக் கைபேசியை எடுத்து நிறுத்தினாள்.

"உங்களிட்டத்தான் முதல் சொன்னனான்."